எர்த்

புளியரை வளைவில் மூன்றாம் முறை நின்றபோது
ஈப்பன் வண்டியைத் தள்ளவில்லை, திட்டவுமில்லை.
பானட்டைத் திறந்து குடை பிடித்தபடி
எனக்கு போன் போட்டார்:
"டாட்ஜ் உறங்கிப்போயி."

ஆனிச் சாரல்.
டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் வியர்த்திருந்தது.
ஐம்பத்து மூன்றாம் வருஷத்து ஆறு சிலிண்டர்,
தென்மலையில் கல்யாணங்களுக்கு வாடகைக்குப் போகிறது.
கழுதுருட்டி பாலத்தருகே ஒருமுறை நின்றபோது
மணப்பெண்ணே இறங்கி
முந்தானையால் ரோட்டரைத் துடைத்தாளாம்.
அவர் சொல்வார். நான் பாதி நம்புவேன்.

கட்டியிழுத்து வந்து என் ஷெட்டில் விட்டார்கள்.
பாயிண்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன்.
ஒரு முகத்தில் குழி, எதிர் முகத்தில் மேடு.
தொட்டுத் தொட்டே
ஒன்றிடமிருந்து ஒன்று உலோகத்தைத் திருடியிருக்கிறது.
உப்புத்தாளால் ஒரு தேய், தீப்பெட்டி அட்டை கனத்துக்கு இடைவெளி,
அடுத்த மழை வரைக்கும் ஓடும்.
போதும் என்றார் ஈப்பன்.
"தீப்பொறிக்கு ஒரு கம்ப்யூட்டர் வெச்சுத் தா, மோளே."
மோளுக்கு வயது நாற்பத்தாறு.

கோவையிலிருந்து பார்சல் வந்தது.
கட்டைவிரல் பருமனில் கறுப்புப் பெட்டி,
ஆறு காந்தம் பதித்த வளையம்,
இரண்டு வயர். சிவப்பு, கறுப்பு.
வண்டியை யாரோ முன்பே பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றியிருந்தார்கள்.
பேட்டரி கேபிள் ரெண்டும் கிரீஸில் ஒரே நிறம்.
ஹெட்லைட் எரிந்தது. ஹாரன் அடித்தது.
பல்புக்கு எந்தப் பக்கமிருந்து வந்தாலும் வெளிச்சம்தான்.
அதை நம்பினேன்.
இசக்கிதுரை சாவியைத் திருப்பினான்.

சின்னதாய் ஒரு டப்.
பிறகு வாசனை.
ஆறாயிரத்து நானூறு ரூபாய்.

அதற்கப்புறம்தான் மீட்டரை எடுத்து வைத்தேன்.
பாடி, கதவுக் கீல், நம்பர் பிளேட்டின் ஸ்குரூ கூட
எல்லாம் பிளஸ்.
நான் எர்த் என்று நினைத்த பக்கம் அதற்கு எர்த் இல்லை.
அந்தக் காலத்து வண்டி அப்படித்தான் என்று
எனக்குத் தெரியாமலில்லை.
தெரிந்திருந்ததுதான் உறுத்தியது.

இரண்டு நாள் சொல்லவில்லை.
சீட்டுப் பணத்தில் இன்னொன்றுக்கு ஆர்டர் போட்டுவிட்டு
மூன்றாம் நாள் சொன்னேன்.
எதிர்முனையில் ரப்பர் இலைமேல் மழை விழும் சத்தம்.
"சாரமில்ல," என்றார்.
மலைக்கு அந்தப் பக்கம்
அதற்கு, போகட்டும் விடு என்று பொருள்.
இந்தப் பக்கம் நின்று கேட்டால்
உன்னிடம் சரக்கில்லை என்பதுபோல இருக்கும்.
எனக்கு இரண்டு பாஷையும் தெரியும்.
அன்றிரவு தமிழில்தான் கேட்டது.

பேட்டரியைத் திருப்பிப் போட்டேன்.
காயிலில் வயர்களை இடம் மாற்றினேன்.
டைனமோவுக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்:
துண்டு வயரால் ஒரு கணம் தொட்டு எடுத்தேன்.
ஒரு பொறி. இரும்புக்குள் வடக்கு தெற்கானது.

ஒன்று, ஐந்து, மூன்று,
ஆறு, இரண்டு, நான்கு.
பிளக் வயரை வாய்விட்டுச் சொல்லித்தான் செருகுவேன்.
இசக்கிதுரை அந்நேரம் பாடினால் கையை ஓங்குவேன்.
அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது.
தையல் மெஷின் மாதிரி என்றான் அவன்.
ஃபெண்டர்மேல் வைத்த டம்ளரில்
டீ மட்டும் நடுங்கியது.

ஈப்பன் ஓட்டினார், பக்கத்தில் நான்.
எஸ் வளைவில் அதே மழை.
முன்னால் வைக்கோல் லாரி ஊர்ந்தது,
கியர் இறக்கினார், வண்டி தும்மவில்லை.
ஆரியங்காவு செக்போஸ்ட் தெரிந்தபோது
டாஷ்போர்டை விரலால் தட்டினார்.
ஆம்மீட்டர் முள்
வடிகிறது என்ற பக்கம் சாய்ந்திருந்தது.

அதன் வயரை மாற்ற மறந்திருந்தேன்.
"ஏறிக்கிட்டுதான் இருக்கு," என்றேன்.
"முள்ளு பழைய பக்கத்துல நிக்குது."
அவர் என்னைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார்.
பின்னால் நாலு லாரி. கொட்டும் மழை.
கைகாட்டிய போலீஸ்காரருக்குப் பக்கத்தில்
வண்டியை நிறுத்தி, இன்ஜினையும் அணைத்தார்.

ஆர்சி புக்கை விரித்து விரித்துப் பார்த்தார்கள்.
சரி, போகலாம்.
ஈப்பனின் கை சாவிக்குப் போனது.
நான் வாய்க்குள்
ஒன்று, ஐந்து, மூன்று